நீச்சல் குளம் சுத்தம் செய்யும் சாமான்களை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்புக்குள் 20-க்கு 10 அடியில், சராசரி 4 அடி ஆழத்தில் ஒரு குளம் கட்டியாயிற்று. வலை, கம்பு, பிரஷ், அடியில் படியும் மண்ணை உறிஞ்சும் வேக்குவம், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் கடையில் விலை கேட்டுவிட்டு மயக்கம் வராத குறை. வீட்டு ஆட்கள் குளிக்க, லீவுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் குதிக்க. இதற்கு இவ்வளவு செலவா, பாதியையாவது நாமே செய்துகொள்ள முடியாதா? இதுதானே உங்கள் கேள்வி.

முடியும். நான் முதலில் தோட்டத்து மோட்டார், பைப்லைன் வேலை பார்த்தவன். பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் பண்ணை வீட்டுக் குளங்களைப் பராமரித்தேன். கடைச் சாமானும் கையாண்டிருக்கிறேன், நானே அறுத்து ஒட்டியதும் கையாண்டிருக்கிறேன். கையால் பிடித்துத் தள்ளுகிற, இழுக்கிற எதையும் தைரியமாகச் செய்யுங்கள். கரண்ட், குளோரின், அடைத்து வைத்த அழுத்தம் என்ற மூன்றில் ஒன்று வந்துவிட்டால் அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கே செய்வது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சாமானுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள். உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே கிடக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேல்காற்று விடாமல் அடிக்கும். தென்னம்பூ, குரும்பை, காய்ந்த ஓலைத் துணுக்கு என்று மிதக்கிற குப்பை எல்லாம் குளத்தின் கிழக்குக் கரையில் தானாகவே போய் ஒதுங்கும். காலையில் குளத்தைச் சுற்றிச் சுற்றி வலை வீச வேண்டாம். கிழக்குச் சுவரோரம் நின்று நாலு தடவை அள்ளினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. குப்பை மிதக்கும்போது அள்ளுவது பத்து நிமிட வேலை. அதே குப்பை ஊறி அடியில் இறங்கி அழுகினால் இரண்டு நாள் வேலை, மேற்கொண்டு குளோரின் செலவும்.

இன்னொன்று பச்சை ஷேட் நெட். நாற்றங்காலுக்குக் கட்டுகிறோமே, அதுதான். குளத்தை விட இரண்டிரண்டு அடி கூடுதலாக வாங்கி, ஓரத்தை மடித்துத் தைத்து, நைலான் கயிறு கோத்து, குளிக்காத நாட்களில் இழுத்துக் கட்டி வையுங்கள். பாதிக் குப்பை உள்ளேயே வராது. வெயிலில் குளோரின் வீணாவதும் குறையும். ஆனால் இது குழந்தையைத் தாங்காது. தரை மாதிரி தெரியும் வலை மேல் நாலு வயதுப் பிள்ளை கால் வைத்தால் வலையோடு உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டுகிற கேட்டும் போட்ட பிறகுதான் இந்த வலை. கட்டும்போது தொய்யாமல், விறைப்பாக.

சரி, வலை. கடை வலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் வட்டமாக இருக்காது, தட்டையாக இருக்கும். சுவரோரமும் தரையிலும் உட்கார்ந்து அள்ளுவதற்காகத்தான் அந்தத் தட்டை. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் வட்டமாக வளைத்துவிட்டு, 'சுவரோரக் குப்பை வர மாட்டேங்குது' என்பார்கள். அரை அங்குல பி.வி.சி. பைப்பில் எல்போ போட்டு ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு செவ்வகம் கட்டுங்கள், போதும். இரும்புக் கம்பியில் செய்தால் ஒரு மாதத்தில் துரு, டைல்ஸில் செங்கறை. சட்டத்தின் முன் விளிம்பில் பழைய தோட்டத்து ஹோஸை நீளவாக்கில் கீறி உறை மாதிரி மாட்டினால் டைல்ஸ் கீறாது.

துணிக்கு நைலான் கொசுவலை. ஜன்னலுக்கு அடிக்கும் வலையில் கண்ணாடி இழை வகை ஒன்று உண்டு, அது வேண்டாம். அறுந்தால் துகள் தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டு வலை செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாலு அங்குல ஆழம், மேலே மிதப்பதற்கு. இன்னொன்று முழங்கை ஆழத்துக்குப் பை மாதிரி, அடியில் கிடக்கும் இலைக்கு. பை ஆழமாக இல்லாவிட்டால் வலையைத் திருப்பும்போது அள்ளியதெல்லாம் திரும்பக் கொட்டிவிடும். தைக்க தூண்டில் நரம்பு. பருத்தி நூல் குளோரினில் இற்றுப்போகும்.

ஒரு தோட்டத்தில் மரம் ஏறும் பெரியவர் ஒருவர், 'ஏனுங்க, கொசுவலை எதுக்கு, பன்னாடை கெடக்குதே' என்றார். கள் வடிகட்டுவதற்கு அதுதானே. பன்னாடை என்று திட்டுகிறோம், அதன் பிறவி வேலையே வடிகட்டுவதுதான். ஆசைக்கு ஒன்று கட்டிப் பார்த்தோம். இலையை நன்றாகவே பிடித்தது. ஆனால் ஒரு வாரத்தில் நாராக உதிர ஆரம்பித்து, வலையை அள்ள இன்னொரு வலை தேவைப்பட்டது.

கம்பு விஷயத்தில் தோப்புக்காரர்களுக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து. வசதி, காய் பறிக்கும் அலுமினியக் கம்பு வீட்டிலேயே கிடக்கும். ஆபத்தும் அதுவேதான். குளத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ மின்கம்பி போனால், 15 அடி அலுமினியக் கம்பை ஈரக்கையோடு தூக்கித் திருப்பும் வேலையை நினைத்துப் பாருங்கள். கம்பி போகிற இடமானால் முதலில் அதை மாற்ற மனுக் கொடுங்கள், பிறகு குளிக்கலாம். 10 அடி அகலக் குளத்துக்கு 12 அடிக் கம்பே ஏராளம். நன்றாகக் காய்ந்த கெட்டி மூங்கில் போதும். இரண்டு முனையையும் எம்-சீல் வைத்து அடைத்து, ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள். பின்னால் கடையில் வேக்குவம் தலை ஏதாவது வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்றேகால் அங்குல அலுமினியக் குழாய் எடுங்கள். கடைச் சாமான்களின் கைப்பிடி அந்த அளவுக்கு ஏற்றபடிதான் வரும்.

பிரஷ்ஷுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. தரை தேய்க்கும் நைலான் பிரஷ், அகலமானதாக. தென்னந்துடைப்பம் உதிரும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், உடைந்த கம்பித் துணுக்கு டைல்ஸ் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும். ஒரு சின்ன தந்திரம்: தண்ணீருக்குள் பிரஷ்ஷைத் தள்ளும்போது அது சுவரை விட்டு விலகி வரும், பலம் கொடுத்து அமுக்க வேண்டியிருக்கும். பிரஷ்ஷின் முதுகில் கையகலப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சாய்வாக, சிறகு மாதிரி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். தள்ளும் வேகத்தில் தண்ணீரே தகட்டை அழுத்தி பிரஷ்ஷைச் சுவரோடு ஒட்டவைக்கும். சாய்வு மாறிப்போனால் விலகித்தான் போகும், திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது அடிமண் உறிஞ்சும் வேக்குவம். செய்வதில் ருசியான வேலை இதுதான். காசு அதிகம் மிச்சமாவதும் இதில்தான்.

பலர் நினைப்பது மாதிரி இதற்கு மோட்டார் தேவையே இல்லை. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து டியூப் போட்டு இறக்குவோமே, அதே சைஃபன். குழாயின் வெளிமுனை குளத்துத் தண்ணீர் மட்டத்தை விடத் தாழ்வாக இருந்தால் போதும், பூமியே இழுத்துக்கொள்ளும். உங்கள் குளத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலோ, பாத்தி தாழ்வாக உள்ள தென்னை வரிசையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அடி தாழ்வு கிடைத்தால் வேலை நடக்கும். மூன்று அடி கிடைத்தால் வேடிக்கை பார்க்கலாம்.

தலை செய்யும் விதம் இது. ஒன்றரை அங்குல பி.வி.சி. டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) ஒன்று. அதன் இரண்டு பக்கமும் அரையரை அடிப் பைப், முனைகளில் எண்ட் கேப். தரையைப் பார்க்கும் பக்கத்தில் துளை போட வேண்டும். எத்தனை துளை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாய்ப் பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு 8 மில்லிமீட்டர் துளை 22 போட்டால் கணக்கு சரி. இரண்டு வரிசையாகப் பதினொன்று பதினொன்று. ஆர்வக் கோளாறில் 50 துளை போட்டால் ஒவ்வொன்றிலும் இழுவை செத்துப்போகும், மண் அசையாது. குறைத்துப் போட்டால் நீரோட்டமே குறைந்துவிடும். துளை தரையிலிருந்து அரை விரல் உயரத்தில் நிற்கும்படி இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம், பிள்ளைகளின் உடைந்த பொம்மை வண்டிச் சக்கரம் போதும்.

டீயின் நடு வாயில் 45 டிகிரி பெண்டு, அதில் ஹோஸ் காலர், அதற்கு மேல் ஹோஸ், இறுக்க கிளிப். கம்பை டீயோடு அசையாமல் இறுக்கிவிடாதீர்கள். யு கிளாம்ப் போட்டு நட்டைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். கம்பு எந்தச் சாய்வில் இருந்தாலும் தலை தரையோடு படுத்திருக்க வேண்டும், கதவுக் கீல் மாதிரி. முக்கால் அங்குலப் பைப்பில் பத்து அங்குலத் துண்டு இரண்டில் ஈர மணலை இறுக்கி அடைத்து, மூடி, தலையின் இருபுறமும் கட்டினால் எடைக்கு எடை, துருவும் இல்லை.

ஹோஸ் மட்டும் சரியானதாக இருக்க வேண்டும். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் இழுவையில் சப்பிக்கொள்ளும். ஆயில் என்ஜினுக்குப் போடும் சுருள் வைத்த சக்‌ஷன் ஹோஸ், ஒன்றரை அங்குலம், 12 மீட்டர். உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ என்ஜின் கொட்டகையில் நிச்சயம் ஒன்று சுருண்டு கிடக்கும். டீசல் வாடை இருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

ஓட்டும் முறை: ஹோஸ் முழுவதையும் தலையோடு சேர்த்துக் குளத்துக்குள் இறக்கி, முட்டை முட்டையாகக் காற்று வருவது நிற்கும் வரை அமிழ்த்துங்கள். பிறகு வெளிமுனையை உள்ளங்கையால் அழுத்தி அடைத்தபடியே கரைக்கு மேல் எடுத்து, தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோய்க் கையை எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், அது குளோரின் தண்ணீர். பாயத் தொடங்கியதும் தலையை ஒரு அடிக்கு மூன்று நான்கு நொடி என்ற வேகத்தில் நகர்த்துங்கள். அவசரப்பட்டால் மண் புகையாகக் கிளம்பும். அப்புறம் அது படிய நாளை வரை காத்திருக்க வேண்டும். இலைகளை முன்னாலேயே பை வலையில் அள்ளிவிடுங்கள். துளைக்குள் இலை போகாது, அடைத்துக்கொள்ளும்.

ஒரு மீட்டர் தாழ்வில், 12 மீட்டர் ஹோஸில், 15 லிட்டர் வாளி எனக்குப் பத்து நொடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 90 லிட்டர். உங்கள் குளத்தில் சுமார் 23,000 லிட்டர் இருக்கும். கால்மணி நேரம் ஓட்டினால் 1,350 லிட்டர் போகும், மட்டம் மூன்று அங்குலம் இறங்கும். வாரம் ஒருமுறை இவ்வளவு தண்ணீரா என்று தோன்றும். நேரே மரத்தடிக்கு விடாமல் ஒரு குழியில் ஒருநாள் தேக்கி, வெயில் பட்டுக் குளோரின் போன பிறகு தென்னைக்கு விடுங்கள். குளோரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த மாத்திரையோடு சயனூரிக் அமிலம் என்ற ஒன்று சேர்ந்தே வருகிறது. குளோரின் செலவாகிவிடும், அது தங்கிவிடும். 30 முதல் 50 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். மேலே மேலே ஏறினால் குளோரினையே மந்தமாக்கிவிடும். தண்ணீரை மாற்றுவது தவிர அதைக் குறைக்க எளிய வழி கிடையாது. வாரம் மூன்று அங்குலம் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வந்தால் அந்தக் கவலை பாதி தீர்ந்தது.

மழைக்குப் பிறகு தண்ணீர் முழுவதும் கலங்கி, ஃபில்டரால் சமாளிக்க முடியாமல் போகும் நாளில் படிகாரம். கிணற்றுத் தண்ணீர் தெளிய வைத்த அதே சரக்கு. ஆயிரம் லிட்டருக்கு 10 கிராம் வீதம், உங்கள் குளத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பொடித்து வாளித் தண்ணீரில் முழுதும் கரைத்து, மாலையில் குளம் முழுக்கத் தெளித்து, ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிடுங்கள். இரவெல்லாம் யாரும் இறங்கக் கூடாது. காலையில் அடியில் பஞ்சு மாதிரி ஒரு படலம் கிடக்கும். அதை சைஃபனில் வெளியேற்றுங்கள், ஃபில்டருக்குள் விடாதீர்கள். படிகாரம் பி.எச்.-ஐ, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவை, கொஞ்சம் இறக்கும், அதனால் குளிக்கும் முன் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

தாழ்வான இடமே இல்லாத சமதளத் தோட்டமாக இருந்தால் மோட்டார் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். அப்போது தண்ணீரை வீணாக்காமல் வடிகட்டித் திரும்பவே விடலாம். திரும்பும் குழாயின் வாயில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் பை மாதிரி கட்டுங்கள். பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வங்கதேச கிராமங்களில் குடிதண்ணீரை இப்படி வடிகட்டச் சொல்லி ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் குழு ஆய்வு செய்து, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளியிட்டது. துவைத்துத் துவைத்துப் பழசான சேலையை நான்காக மடித்தால் இடைவெளி சுமார் 20 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. புதுச் சேலை உதவாது, நூல் இன்னும் விரியாமல் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். இரண்டு பை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுங்கள். பாசியின் பச்சை நிறம் இதில் நிற்காது, மண்ணும் தூசியும் நிற்கும்.

அடுத்தது ஃபில்டர். நீலநிற 200 லிட்டர் டிரம்மில் மணல் ஃபில்டர் செய்யலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யலாம், ஆனால் மூடி திறந்தபடிதான்.

நான் முதலில் செய்தபோது மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்கி, ஒரு எச்.பி. மோட்டாரை நேராகக் கொடுத்தேன். கடை ஃபில்டர் அப்படித்தானே வேலை செய்கிறது என்ற எண்ணம். இரண்டு நிமிடத்தில் டிரம் கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியது. ஸ்விட்சை அணைக்க ஓடுவதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு போய் காம்பவுண்டுச் சுவரில் அடித்தது. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரை பார் அழுத்தம் என்பது ஐந்து மீட்டர் உயரத் தொட்டித் தண்ணீரின் அழுத்தம்தான், பெரிய விஷயமே இல்லை. ஆனால் 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியில் அது 1,300 கிலோ தள்ளுகிறது. யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்காது.

திறந்த டிரம் அப்படி இல்லை. குளத்தின் மட்டத்துக்கு மேல் ஒரு மேடை, அதில் டிரம். மேலே மோட்டார் தண்ணீரைக் கொட்டும், அது மணல் வழியாகத் தன் எடையிலேயே இறங்கி, அடிக்குழாய் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். எந்த இடத்திலும் அழுத்தம் கிடையாது. மேலே ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் கட்டாயம், அதன் மறுமுனையும் குளத்திலேயே. மணல் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் தோட்டத்துக்குப் போகாது.

டிரம் எதற்குப் பயன்பட்டது என்று விசாரித்து வாங்குங்கள். பழரசம், சர்க்கரைப்பாகு வந்த டிரம் சரி. பூச்சிமருந்து, கெமிக்கல் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். அடியில் ஒன்றரை அங்குலப் பைப்பைக் கூட்டல் குறி வடிவில் வைத்து, அதன் கீழ்ப்பக்கத்தில் ஹேக்ஸா பிளேடால் விரலிடைக்கு ஒரு கீறல். அதன் மேல் முக்கால் ஜல்லி 4 அங்குலம், கால் ஜல்லி 3 அங்குலம், பருமணல் 2 அங்குலம், அதற்கு மேல் சலித்த மணல் 18 அங்குலம். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதில் பாறைத்தூள் இருக்கும். கையை விட்டுக் கலக்கினால் தண்ணீர் தெளிவாக நிற்கிற வரை, பத்துத் தடவையானாலும் சரி, அலச வேண்டும். சோம்பல்பட்டால் குளம் பால் மாதிரி வெளுக்கும். எல்லாம் நிறைந்தபின் டிரம்மின் எடை 400 கிலோவை நெருங்கும். நாலு செங்கல்லை அடுக்கி அதன் மேல் வைக்கிற கதை வேண்டாம், கான்கிரீட் போட்ட மேடை வேண்டும்.

இதில் மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர்தான் ஒழுங்காக வடியும். அதற்கு மேல் தள்ளினால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஆகவே மோட்டாரிலிருந்து ஒரு கிளை எடுத்து, வால்வு வைத்து, மிச்சத்தைக் குளத்துக்கே திருப்பிவிடுங்கள். 23,000 லிட்டர் ஒரு சுற்று வர 12 முதல் 15 மணி நேரம் ஆகும். ஒரு சுற்று முடிந்தது என்பதால் எல்லாத் தண்ணீரும் மணலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வடிந்த தண்ணீரும் வடியாத தண்ணீரும் கலந்துகொண்டே இருப்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமலே இருக்கும். வடிவது குறைந்தால், அடிக்குழாய் வழியாகத் தண்ணீரை மேல்நோக்கி விட்டு, கையாலேயே மேல்மணலைக் கிளறி, அழுக்குத் தண்ணீரை வெளியே வழிய விடுங்கள். பத்து நிமிட வேலை.

இது வீட்டு ஆட்கள் குளிக்கிற குளத்துக்குப் போதும். ஹோம்ஸ்டே ஆக்கி வாடகைக்கு விடும் எண்ணம் வந்தால் டிரம்மை மழைநீர் வடிகட்டப் பயன்படுத்திக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிற மாதிரி முறையான ஃபில்டரை வாங்கிவிடுங்கள். ஊர்ப்பட்ட பேர் இறங்கும் தண்ணீருக்கு இந்த வேகம் காணாது.

இனி, செய்யவே கூடாதவை.

மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் குளத்தருகே எதையும் ஓட்டக் கூடாது. அது ஒழுங்காக விழுகிறதா என்று மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீரில் இருக்கும்போது ஆள் தண்ணீரில் இருக்கக் கூடாது, ஆர்.சி.சி.பி. இருந்தாலும் சரி. ஒயர் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியது என்றால் அந்த மோட்டாரைத் தொடவே தொடாதீர்கள்.

குளத்தின் அடியில் உறிஞ்சும் வாய் இருந்தால், அதன் மூடியை வீட்டில் செய்யாதீர்கள், கழற்றியும் வைக்காதீர்கள். 2002-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள் இழுத்தும் விடுபடாமல் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே வடிகால் மூடிகளுக்கென்று சட்டம் வந்தது. ஒரே ஒரு வாய் வழியாக மோட்டார் நேராக உறிஞ்சும்படி பைப்லைன் போடாதீர்கள். குறைந்தது இரண்டு வாய், ஒன்றுக்கொன்று மூன்று அடிக்கு மேல் தள்ளி, கம்பெனி மூடியோடு. ஒன்றை உடம்பு அடைத்தாலும் மற்றது இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் சோதிக்கும் கிட் வாங்கியே ஆக வேண்டும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்டும் சின்ன டப்பா. மற்ற செலவுகளோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8. மூக்கால் பார்த்துக் குளோரின் அளவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கண் எரிந்து வாடை தூக்கினால் பெரும்பாலும் குளோரின் கூடவில்லை, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் குளத்தில் ஒரு பி.பி.எம். ஏற்றச் சுத்தக் குளோரின் 23 கிராம் வேண்டும். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 70 கிராம், 10 சதவீத திரவக் குளோரின் என்றால் 230 மில்லி, 90 சதவீத டி.சி.சி.ஏ. (மேலே சொன்ன குளோரின் மாத்திரைச் சரக்கு) என்றால் 25 கிராம். பிளீச்சிங் பவுடரை பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் இறங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரில் பவுடரைப் போட வேண்டும், பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. நேரம் பொழுது சாய்ந்த பிறகு. உச்சி வெயிலில் போட்டால், சயனூரிக் அமிலம் இல்லாத தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி பறந்துவிடும்.

மூட்டை திறந்தே கிடந்தால் ஈரம் பட்டு வீரியம் போகும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆனால் டி.சி.சி.ஏ. டப்பாவும் பிளீச்சிங் டப்பாவும் ஒரே அலமாரியில் வேண்டாம். ஒன்றுக்குப் போட்ட கரண்டி இன்னொன்றுக்குள் போகக் கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று ஒரு பையன் கரண்டியை மாற்றிப் போட்டு, டப்பா புகைந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தீப்பற்றவும் செய்யும். டாய்லெட் கழுவும் ஆசிடும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் வருவது விஷவாயு. மாத்திரை மிதக்கவிட தண்ணீர் பாட்டிலில் துளை போட்டுச் சிலர் தொங்கவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பந்து என்று எடுத்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். மூடி பூட்டுகிற மிதவையை வாங்கிக்கொள்ளுங்கள், குளிக்கும்போது அதை எடுத்து வெளியே வையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் மழை பெய்ததும் தவளையும் தேரையும் குளத்தில் விழும். டைல்ஸ் சுவரில் ஏற முடியாமல் இரவெல்லாம் நீந்திச் செத்து மிதக்கும். அதை அள்ளுவதும் சுத்தம் செய்யும் வேலைதான், தண்ணீரும் கெடும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். தென்னை நார் மிதியடி ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கரையில் கல் வைத்து அழுத்தி, மறுமுனையில் காலி பாட்டில் கட்டித் தண்ணீரில் மிதக்கும்படி சாய்வாக விட்டுவிடுங்கள். சுவரோரம் வட்டமடிக்கும் தவளை அதில் இடித்ததும் ஏறிப் போய்விடும். கிழக்கு மூலையில் ஒன்று, மேற்கு மூலையில் ஒன்று போதும். வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே பாசி பிடிக்கும்.